இருபத்து நான்கு டிகிரி

ஒரு ரிங் வந்து நின்றது. ஏகாம்பரம். ஆப்பைத் திறந்து பார்த்தேன், பச்சை. திருப்பி ஒரு ரிங் கொடுத்துவிட்டுப் போனை மடியிலிருந்த ஃபைலின் மேல் கவிழ்த்து வைத்தேன். மணி பத்து ஐம்பத்திரண்டு. பதினொன்றே முக்காலுக்குச் சாலிகிராமம் பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்க வேண்டும், பஸ்ஸோ பாடி மேம்பாலத்தில் ஏறிய இடத்திலேயே நிற்கிறது, முன்னால் டிரெய்லர் ஒன்று குறுக்கே மடங்கிக்கொண்டதாம், டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். வெயில் ஜன்னல் கம்பியில் ஏறி முழங்கையைச் சுடுகிறது. ஃபைலில் அசல் ஒரு பக்கம், நகல் ஒரு பக்கம். காலையில் ஜெராக்ஸ் கடையில் முக்கால் மணி நேரம் போயிற்று, ஆதார் நகல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல், கல்யாணச் சான்றிதழ் நகல், ஒவ்வொன்றிலும் கையெழுத்து. நான்தான் நான் என்பதற்கு இத்தனை தாள். முப்பத்து நாலு வயதாகிறது, இதுவரை யாரும் என்னைப் பார்த்து நீ நீதானா என்று கேட்டதில்லை. அசலும் நகலும் கலந்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு பச்சை அட்டை வைத்திருக்கிறேன், அந்த அளவுக்கு நான் கவனமான ஆள். பக்கத்து சீட் அம்மாள் வாழைப்பழத்தை உரித்து என்னிடம் ஒன்று நீட்டினாள், வேண்டாம் என்றேன், பிறகு ஏன் வேண்டாம் என்றோம், பசிக்கத்தானே செய்கிறது என்று தோன்றியது.

அந்த ரிங் எனக்கும் ஏகாம்பரத்துக்கும் உள்ள ஏற்பாடு. பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நிலையம் ஒன்று, அதில் மண்ணுக்குள் பதினெட்டு அடி ஆழத்துக்கு ஒரு தொட்டி. அடியில் இருக்கிற பம்பின் வாயை மயிரும் தோல் துணுக்கும் அடைத்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒரு தடவை ஆள் இறங்கி எடுக்காமல் முடியாது என்கிறார்கள். முடியும், அதற்கு வேறு பம்பு வாங்க வேண்டும், வாங்க மாட்டார்கள். இறங்குகிற ஆள் ஏகாம்பரம், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருடைய மருமகன். உள்ளே அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாறும், அதிகமாகிவிட்டால் முதலில் மூக்கு செத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஆள் விழுவான். எங்கள் கம்பெனி செய்த பெட்டி அந்தத் தொட்டிக்குள் தொங்குகிறது, சிம் கார்டு போட்ட பெட்டி. முப்பது நொடிக்கு ஒரு தடவை வாயு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று செல்போன் டவர் வழியாகக் கிளவுடுக்கு அனுப்பும். தொட்டி மூடிக்குப் பக்கத்தில் தனி சிம்மோடு ஒரு விளக்குக் கம்பம், அதற்குக் கிளவுட் உத்தரவு போடும். பத்துக்குக் கீழே என்றால் பச்சை, மேலே போனால் சிவப்பு, கூடவே சங்கு. இதையெல்லாம் மாட்டிக் காட்டிய அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள், ஏகாம்பரம் தட்டவில்லை. அகலமான கை, விரல் நகமெல்லாம் சுண்ணாம்பு தின்றது. "வெளக்கு எங்களப் பாத்துக்குது, செரி. வெளக்க யாரு மேடம் பாத்துக்கறது?" என்று கேட்டார். நான் பார்ப்பேன் என்றேன். எப்படி என்றார். போனில் என்று காட்டினேன். "அப்ப எறங்கறதுக்கு முன்ன நான் ஒரு ரிங் உடறேன். நீங்க பாத்துட்டு ஒண்ணு உடுங்க. வரலைன்னா எறங்க மாட்டேன்." பதினாலு மாதம் ஆகிறது. நாத்தனார் வளைகாப்பில் கையில் சந்தனத்தோடு ரிங் கொடுத்திருக்கிறேன். பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டே கொடுத்திருக்கிறேன். ஒரு முறை லிஃப்டில் மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் சிக்னல் இல்லை, அந்த இருபது நிமிஷமும் மனிதர் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பஸ் நகரவில்லை. பார்த்தேன், பச்சை, கொடுத்தேன், அவ்வளவுதானே. பச்சைக்கு மேலே எண் என்ன இருந்தது, பூஜ்யம் புள்ளி பூஜ்யம். நல்லதுதான், காற்று சுத்தமாக இருக்கிறது. எத்தனை நாள் ஆகிவிட்டது இப்படிச் சுத்தமான எண்ணைப் பார்த்து. எத்தனை நாள் என்று யோசித்தால், பார்த்ததே இல்லை. இரண்டு நாள் ஊதுகாற்று விட்டு வைத்தாலும் அந்தத் தொட்டி ஒன்றரைக்குக் கீழே இறங்காது, ஒன்று புள்ளி ஏழு, இரண்டு புள்ளி ஒன்று என்று ஆடிக்கொண்டே இருக்கும். அழுக்குத் தொட்டி அது, அதற்குப் பூஜ்யம் தெரியாது. மழை பெய்து கழுவியிருக்கலாம். மே மாதத்தில் என்ன மழை. தோல் ஆலைகள் இரண்டு நாள் மூடியிருக்கலாம், ஏதாவது பண்டிகையா, ஒன்றுமில்லை. சென்சார் கெட்டிருக்கலாம், கெட்டால் மைனஸ் ஒன்று காட்டும்படி நான்தான் எழுதினேன். போனைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திருப்பவில்லை. எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்குமே, வெப்பம், அதை எப்போதும் நான் பார்ப்பதே இல்லை, வாயுவை அளக்கிற பெட்டியில் வெப்பத்தை யார் பார்க்கிறார்கள், வாங்கிய சென்சாரோடு சும்மா வந்தது என்று போட்டு வைத்தது. அது என்ன காட்டியது. கண் பார்த்திருக்கிறது, மனசு எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு இலக்கம். இருபதில் ஆரம்பிக்கிற இரண்டு இலக்கம். திருப்பிவிட்டேன். வாயு பூஜ்யம் புள்ளி பூஜ்யம். வெப்பம் இருபத்து நான்கு.

பாலாற்றங்கரையில் மே மாதம் பதினோரு மணிக்கு இருபத்து நான்கு டிகிரி எங்கே இருக்கிறது. எங்கேயும் இல்லை. எனக்குத் தெரிந்து இருபத்து நான்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் ஆபீஸில், என் சோதனை மேசைக்கு மேலே ஓடுகிற ஏசியில். ராத்திரி பகல் ஓடும், இருபத்து நான்குக்கு மேல் வைக்காதீர்கள் என்று சுவரில் ஒட்டியிருப்பதும் நான். நான் பார்த்தது தொட்டியை இல்லை. என் மேசையை. என் மேசையில் வாயு இல்லை என்று பார்த்துவிட்டு அவரை இறங்கச் சொல்லியிருக்கிறேன்.

மேசை மேல் இருப்பது நகல். போன வாரம் ஏகாம்பரம் பெட்டி நடுநடுவே பேசாமல் போகிறது என்றார், ஏன் என்று கண்டுபிடிக்க அதே மாதிரி இன்னொரு பெட்டியை மேசையில் வைத்து, அசலில் இருக்கிற அதே பெயரை, கிளவுடுக்குள் நுழைய வைக்கும் அதே சாவியை அதற்கும் ஏற்றினேன், அப்படியே இருந்தால்தானே அதே கோளாறு வரும். நேற்று சாயங்காலம் வேலை முடிந்தது. முடிந்ததும் பெயரை மாற்ற வேண்டும், மேசைப் பெட்டியின் பெயருக்குப் பின்னால் மேசை என்று சேர்க்க வேண்டும், இது எங்கள் ஆபீஸ் சட்டம், சட்டம் போட்டதும் நான். காலையில் மாற்றலாம் என்று விட்டேன். காலையில் ஜெராக்ஸ் கடை. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் கிளவுட் என்ன செய்யும், கடைசியாக வந்தவன்தான் நிஜம் என்று முன்னால் வந்தவனை வெளியே தள்ளும். தள்ளப்பட்டவன் திரும்ப வருவான், அவன் வந்தால் இவனைத் தள்ளும். இரண்டும் மாறி மாறித் தள்ளிக்கொண்டிருந்தால்கூட ஆப்பின் கோட்டுப் படத்தில் கோணல்மாணல் தெரிந்திருக்கும். அதையும் நான் கெடுத்தேன். தொட்டிக்குள் சிக்னல் பலவீனம், வீணாக முட்டிக்கொண்டு பேட்டரியைத் தீர்க்காதே, ஐந்து தடவை தள்ளினால் கால் மணி நேரம் சும்மா இரு, பிறகு முயற்சி செய் என்று அந்தப் பெட்டிக்கு மரியாதை சொல்லிக் கொடுத்தேன். அது மரியாதையாகப் பதினெட்டு அடிக்குள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. டவருக்குப் பக்கத்தில் ஏசியில் உட்கார்ந்திருக்கிற இது, எல்லாம் சுகம் என்று முப்பது நொடிக்கு ஒரு தடவை எழுதிப் போடுகிறது.

பத்து ஐம்பத்தொன்பது. ஏகாம்பரத்துக்கு அடித்தேன், முழுதாக, மணி போய்க்கொண்டே இருந்தது. போகும். தீப்பொறி பயத்தில் அங்கே யாரும் போனோடு உள்ளே போகக் கூடாது, கேட்டில் கட்டம் கட்டமாகத் தடுத்த மரப்பெட்டி இருக்கிறது, போன்களை அதில் போட்டுப் பூட்டி வாட்ச்மேன் சாவியை வைத்துக்கொள்வார், எத்தனை அடித்தாலும் அடுத்தவர் போனைத் தொட மாட்டார், அவருடைய எண் என்னிடம் இல்லை. நிலையத்து மேனேஜருக்கு அடித்தேன், கூட்டத்தில் இருக்கிறேன் என்று தானாக ஒரு செய்தி வந்தது. நிலையத்தின் லேண்ட்லைன் போன மழையிலேயே செத்துவிட்டது. கிளவுடில் போய் அந்தப் பெயரையே முடக்கிவிடலாம், அதற்கான அனுமதி ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, போனில் வைக்கக் கூடாது, நான் போட்ட சட்டம். கேட்டிலிருந்து தொட்டிக்கு நடை ஆறு நிமிஷம். பெல்ட் மாட்ட, கயிறு கட்ட, மூடியைக் கடப்பாறை போட்டு நெம்ப, ஒரு ஏழெட்டு நிமிஷம். இறங்கும் முன் அவர் சட்டையைக் கழற்றி மடித்து மருமகனிடம் கொடுப்பார், பார்த்திருக்கிறேன், மெதுவாக மடிப்பார். இன்றைக்கும் மெதுவாக மடிக்கட்டும். எப்படிப் பார்த்தாலும் பதினொன்று ஏழு, எட்டு. அவர் விழுந்தால் மேலே இருக்கிற மருமகன் சும்மா நிற்க மாட்டான், கயிற்றை விட்டுவிட்டுக் குதிப்பான், தொட்டிச் சாவுகள் எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் பேப்பரில் வருகின்றன. கையில் இருக்கிற போன் நனைந்திருந்தது, புடவையில் துடைத்தேன்.

என்னிடம் ஒரே ஒரு நல்ல காரியம் இருக்கிறது. மௌனம் என்றால் சிவப்பு. இரண்டு நிமிஷம் பெட்டியிலிருந்து சத்தமே இல்லை என்றால் கம்பம் தானாகச் சிவப்பாகிச் சங்கு ஊத வேண்டும் என்று சண்டை போட்டு வைத்தேன், சும்மா சும்மா கத்துகிறதே என்று மேனேஜர் மல்லுக்கு நின்றபோதும் விடவில்லை. மேசைப் பெட்டியின் வாயை அடைத்துவிட்டால் போதும், இரண்டு நிமிஷத்தில் சங்கு. ஆபீஸில் யார் இருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரும் கோயம்புத்தூரில் பெட்டி மாட்டப் போயிருக்கிறார்கள். பத்தரைக்குப் பெருக்க வருவது தனபாக்கியம் அக்கா. எட்டு மாதத்துக்கு முன் ஈரத்துணியால் என் மேசையைத் துடைத்ததற்கு அந்த அக்காவை நான் கத்தின கத்து இருக்கிறதே, அன்றையிலிருந்து மேசையைச் சுற்றி ஒரு முழம் விட்டுத்தான் பெருக்குகிறாள். போனை எடுப்பாளா. எடுத்தாள்.

"அக்கா, என் மேசைகிட்டப் போங்க."

"நான் எதையும் தொடலியேம்மா."

"இப்பத் தொடணும் அக்கா. சாம்பல் கலர் பெட்டி ஒண்ணு இருக்கும், சோப்பு டப்பா மாதிரி, பச்சையா மினுக்கும்."

"மூணு இருக்குதும்மா. மூணும் மினுக்குது."

மூன்று. ஆமாம், மூன்று. எது என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது. நான் என்ன எழுதி ஒட்டியிருக்கிறேன், ஒன்றும் ஒட்டவில்லை, எனக்குத் தெரியும் என்று விட்டிருக்கிறேன். மூன்றையும், அக்கா, மூன்றையும் பிடுங்குங்கள் என்றேன். பிடுங்கினாள், வயர் டொக் டொக் என்று விழுகிற சத்தம் கேட்டது. ஆப்பைப் பார்த்தேன். பதினொன்று மூன்று. பூஜ்யம் புள்ளி பூஜ்யம், புதிதாக வந்த எண். பேட்டரி. கரன்ட் போனால் ஒன்பது மணி நேரம் தாங்கும் பேட்டரி, உள்ளே வைத்துத் திருகியது, அணைக்க ஒரு ஸ்விட்ச் கிடையாது, யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று ஸ்விட்சே வேண்டாம் என்று சொன்னதும், போதும், தெரிகிறது, எல்லாம் நான்தான். "இன்னும் மினுக்குதும்மா" என்றாள் அக்கா, கேட்காமலே. உடைக்கச் சொல்லலாம், அது இரும்புப் பெட்டியைப் போல உறுதி, தொட்டிக்குள் தொங்குவதற்காகச் செய்தது. தண்ணீரில் போடச் சொல்லலாம், அதற்கும் தாங்கும், பெருமையாக விற்றிருக்கிறோம். லிஃப்ட். லிஃப்டில் இருபது நிமிஷம் எனக்குச் சிக்னல் இல்லை. நாலு பக்கமும் உலோகம் இருந்தால் போதும்.

"அக்கா, உங்க சாப்பாட்டு டப்பா என்ன டப்பா?"

"இன்னாம்மா கேக்கற, எவர்சில்வர்தான். அடுக்கு."

"அதுல இருக்கறதக் கொட்டிட்டு இந்தப் பெட்டியப் போட்டு இறுக மூடுங்க. மூணையும். மூணு அடுக்குலயும்."

"புளிசோறு இருக்குதும்மா."

"கொட்டுங்க அக்கா. உங்களுக்கு நான் வாங்கித் தரேன். ஒரு ஆள் உயிரு அக்கா."

எவர்சில்வர் தரையில் பட்ட சத்தம், திட்டுகிற மாதிரி ஏதோ, பெட்டி உள்ளே விழுந்த சத்தம், மூடி, மூடி, மூடி, மேலே கொக்கி மாட்டுகிற சத்தம். பஸ்ஸில் பக்கத்து அம்மாள் பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், புளிசோறு எங்கே உயிர் எங்கே என்று அவளுக்கு எப்படிப் புரியும். பதினொன்று ஐந்து. பூஜ்யம் புள்ளி பூஜ்யம், ஆனால் இது பழைய எண், பதினைந்து நொடிக்கு முன்னால் வந்தது. முப்பது நொடி ஆயிற்று, அதே எண். நாற்பது. எதுவும் வரவில்லை. ஒன்றும் வராமல் இருப்பதற்காக இப்படி ஒரு நாளும் ஏங்கினதில்லை, வாழ்க்கை பூராவும் ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று டவரைத் திட்டுவதுதான் என் பிழைப்பு. இப்போது அவர் சட்டையை மடித்துக்கொண்டிருப்பார். இல்லை, மடித்தாயிற்று, முதல் படி. இரும்பு ஏணி, ஓரடிக்கு ஒரு படி, பதினெட்டு. வாயு கனமானது, கீழேதான் தேங்கும், ஆறு ஏழு படிவரை ஒன்றும் தெரியாது. எட்டாவது படியில் நாற்றம் நின்றுவிடும். நின்றுவிட்டதே, மேடம் சரியாகத்தான் ரிங் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். ஒரு நிமிஷம் பத்து நொடி. இரண்டு நிமிஷம் என்று எதற்கு வைத்தேன், ஒரு நிமிஷம் என்று வைத்திருக்கலாமே, மேனேஜரோடு பேசிப் பேசி இரண்டில் வந்து நின்றது, அவர் ஐந்து கேட்டார். ஒன்று ஐம்பது. இரண்டு. பச்சை. இரண்டு நிமிஷம் ஐந்து நொடி, இன்னும் பச்சை. சிவப்பு.

சங்கு இங்கே கேட்காது. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி அது ஊதுகிறது, ஊத வேண்டும், கம்பத்து சிம்முக்குச் சிக்னல் இருந்தால் ஊதும். என் கையில் ஒரு சிவப்பு வட்டம் மட்டும் இருக்கிறது. பஸ் கிளம்பியது, பாலம் இறங்கியது, கண்டக்டர் திருமங்கலம் திருமங்கலம் என்று கத்தினார், நான் எங்கேயாவது இறங்கி அம்பத்தூருக்குத் திரும்பிப் போக வேண்டும், இறங்கவில்லை, எழுந்தால் ஏதோ கலைந்துவிடும் போல இருந்தது. பதினொன்று பத்து. அவர் ஏறிவிட்டார் என்றால் வெளியே வந்து என்ன என்று கேட்பார். கேட்க முடியாமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அங்கே ஓடுவார்கள், இழுப்பார்கள், ஆம்புலன்ஸ் வரும், என்னை யார் கூப்பிடப் போகிறார்கள். மேனேஜரை விட்டால் என் எண் ஏகாம்பரம் போனில்தான் இருக்கிறது. போனை மரப்பெட்டியில் போடும் முன் கடைசியாக வந்த அழைப்பு யாருடையது என்று போலீஸ் எடுத்துப் பார்க்கும், ஒரு ரிங், என் பெயர். அவர் என் பெயரை எப்படிச் சேமித்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. அவருடைய மனைவி பெயர் தெரியாது. பதினாலு மாதமாக வாரம் ஒரு முறை பேசாமல் பேசியிருக்கிறோம், நான் ரிங் கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன், ஐந்து நொடி வேலை. பயமாக இருக்கிறது. அவருக்காக மட்டும் இல்லை, எனக்காகவும் பயமாக இருக்கிறது, அது அசிங்கமாகவும் இருக்கிறது.

பதினொன்று பதினாறுக்குச் சிவப்பு வட்டத்துக்குள் எண் மாறியது. மரியாதைக்காரப் பெட்டியின் கால் மணி நேரம் முடிந்திருக்கிறது, அசல் பேசுகிறது. வாயு நூற்றுப் பன்னிரண்டு. வெப்பம் முப்பத்தெட்டு. நூற்றுப் பன்னிரண்டை நான் அந்தத் தொட்டியில் இதுவரை பார்த்ததில்லை. அந்த எண்ணுக்கு மூக்கு சாகும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதின்மூன்று, அழுக்குத் தொட்டி அழுக்காக ஆடுகிறது. கண்டக்டர் வந்து வடபழனி டிக்கெட்தானேம்மா, தாண்டிக்கிட்டு இருக்கோம் என்றார். ஃபைல் மடியிலிருந்து சரிந்து தாள்கள் காலடியில் கிடந்தன, அசலும் நகலும் ஒன்றாக. பக்கத்து அம்மாள் குனிந்து பொறுக்கி அடுக்கினாள். பதினொன்று இருபது. பதினொன்று இருபத்திரண்டு.

ஒரு ரிங் வந்தது. நின்றது. ஏகாம்பரம்.

இருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை. ஒரு ரிங். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு ரிங்குக்கு அர்த்தம் என்ன என்பது உறைத்தது. இறங்கட்டுமா என்று கேட்கிறார். என்னிடமே திரும்பக் கேட்கிறார். விரல் பழக்கத்தில் அந்தப் பெயரைத் தொடப் போயிற்று, இழுத்துக்கொண்டேன். இன்னொரு ரிங் கொடுத்தால் போச்சு. முழுதாக அழைத்தேன், இந்த முறை எடுத்தார்.

"இன்னா மேடம், பேசறீங்க?"

"எங்க இருக்கீங்க?"

"கேட்டாண்டதான். ரெண்டு படி எறங்கினேன், சங்கு புடிச்சிக்கிச்சி, ஏறிட்டேன். மருமகப் புள்ள, அதான் மேடம் ரிங் வந்துச்சே மாமா, இது சும்மா கத்துது, எறங்குன்றான். உங்களக் கேட்டுக்கினு எறங்கலாம்னு வந்தேன். உங்க சங்கும் நீங்க வெச்சதுதான், ரிங்கும் நீங்க உட்டதுதான். எத நம்பறது?"

"சங்க நம்புங்க. ரிங் தப்பு. நான் உங்க தொட்டியப் பாக்கல. என் மேசையப் பாத்துட்டு ரிங் குடுத்துட்டேன். ஆபீஸ்ல ஒரு பெட்டிய அதே பேர்ல வெச்சு, பேர மாத்தாம வந்துட்டேன். என் தப்புங்க."

அவருக்குப் பின்னால் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது, இத்தனை தூரத்துக்கு மெலிந்து, கேட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. யாரையோ மூடியைப் போடச் சொன்னார். திரும்பப் போனுக்கு வந்தார்.

"எப்டித் தெரிஞ்சுது உங்களுக்கு, அது எங்க தொட்டி இல்லன்னு?"

"வெப்பம் இருபத்து நாலு காட்டுச்சு."

"இருபத்து நாலா. இங்கயா." சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. "அப்ப ஒண்ணு பண்ணுவோம் மேடம். இனிமே ரிங் வேணாம். நான் போன் பண்றேன், எடுத்து எங்க ஊர்ல இப்ப எவ்ளோ வெயிலுன்னு சொல்லுங்க. நான் வெயில்லதான நிப்பேன், செரியா இருந்தா தெரியும். அதுக்கப்பறம் வாயு சொல்லுங்க."

சரி என்றேன்.

"இப்ப எவ்ளோ?"

போனைக் காதிலிருந்து எடுத்து ஆப்பைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். "முப்பத்தெட்டு" என்றேன்.

"ஆமா, இருக்கும்" என்றார் ஏகாம்பரம்.